லிஃப்ட்காரர் வளர்த்த செடி

என் வீட்டுக்காரரை இந்தத் தெருவில் யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. லிஃப்ட்காரர் என்றால்தான் தெரியும். வேடிக்கை என்னவென்றால், நாங்கள் குடியிருக்கும் கட்டடத்தில் லிஃப்டே கிடையாது. ஊரில் இருக்கிற மாடிகளுக்கெல்லாம் லிஃப்ட் மாட்டி ஆட்களை ஏற்றி இறக்கிய மனுஷன், மூட்டு வலியோடு மூன்று மாடி ஏறி வந்து வாசலில் நின்று மூச்சு வாங்குவார். "ஏங்க, நம்ம கட்டடத்துக்கு ஒண்ணு மாட்டக் கூடாதா?" என்று கேட்டால், "மாட்டலாம். நீ ஒவ்வொரு மாடியிலயும் கதவைப் பிடிச்சுக்கிட்டு நின்னு கதை பேசுவ. மத்தவங்க படியிலதான் போகணும்" என்பார். அப்படி வாயாடத் தெரிந்தவர்தான்.

வேலையிலிருந்து ஓய்வு கொடுத்து அனுப்பிய பிறகு அந்தப் பேச்சு நின்றுபோயிற்று. சாப்பாடு போட்டால் சாப்பிடுவார், போடாவிட்டால் கேட்க மாட்டார். ஒரு நாள் குளிக்கப் போனவர் குழாயைத் திறந்துவிட்டு அப்படியே நின்றிருக்கிறார். வாளி நிரம்பி வழிந்து கூடத்துக்குத் தண்ணீர் வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. நான் போட்ட கூச்சலில் கீழ்வீட்டுக்காரர்கள் ஓடி வந்துவிட்டார்கள். அவர் மட்டும், யாரைத் திட்டுகிறாள் இவள் என்பது போலப் பார்த்துக்கொண்டு நின்றார். டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். "எதுலயாவது மனசை வைக்கச் சொல்லுங்கம்மா" என்றார். எதில் வைப்பது? மனசை எடுத்து வைக்க அலமாரியா இருக்கிறது? இந்த மனுஷன் உயிரோடு இருந்துகொண்டே இல்லாமல் போய்விடுவார் என்று பயந்தேன்.

அந்த நேரத்தில்தான் மகள் வேறு ஊருக்குக் குடிபோனாள். போகும்போது அவள் வீட்டிலிருந்த இரண்டு அக்லோனிமா தொட்டிகளை எங்கள் பால்கனியில் கொண்டுவந்து வைத்தாள். வீட்டுக்குள் நிழலில் வளருமே, அகல இலையில் கோடும் புள்ளியுமாக, அந்தச் செடி. "சும்மா தண்ணி மட்டும் ஊத்துங்கப்பா" என்றாள். இவர் தண்ணீர் ஊற்றினார். ஊற்றிவிட்டு உட்கார்ந்து பார்த்தார். அப்புறம் அதைப் பற்றி ஃபோனில் தேடிப் படித்தார். இரண்டும் பூ விட்டதும், மகளின் பழைய பெயின்டிங் பிரஷ்ஷை எடுத்து, ஒன்றின் மகரந்தத்தை மற்றதில் தடவினார். "என்னங்க, செடிக்குக் கல்யாணம் பண்ணி வைக்கிறீங்களா?" என்றேன். "ஆமா, நீயும் வந்து அட்சதை போடு" என்றார். அவர் கிண்டல் பேசி எவ்வளவு நாளாயிற்று என்று நினைத்துக்கொண்டே சமையலறைக்குள் போய்க் கொஞ்சம் அழுதேன்.

காய் பழுக்க மாதக்கணக்கானது. விதை முளைக்க மேலும் மாதங்கள். முளைத்ததில் பெரும்பாலானவை அப்பன் ஆத்தாளைப் போலவே சாதாரணமாக வந்தன. ஒன்று மட்டும் வேறு. கறுப்பென்று சொல்லும்படியான பச்சை இலை. அதில், பெயின்ட் பிரஷ்ஷை யாரோ உதறிவிட்டது போல இளஞ்சிவப்புத் தெறிப்பு. அதன் மேல் அவருக்கு அப்படியொரு மோகம். விடிந்ததும் அதன் முகத்தில்தான் விழிப்பார். நான் அதற்குச் சக்களத்தி என்றே பேர் வைத்துவிட்டேன். "என் சக்களத்திக்குத் தண்ணி காட்டியாச்சா?" என்பேன். "அவ உன்னை மாதிரி இல்ல. சொன்னா கேப்பா" என்பார்.

ஊருக்கு வெளியே பெரிய நர்சரி வைத்திருப்பவர் ஒருவர் வந்து பார்த்தார். செடியைச் சுற்றிச் சுற்றி வந்தார். "சார், இந்த மாதிரி நான் பாத்ததே இல்ல. இன்னும் ரெண்டு மூணு இலை இதே நிறத்துல வரட்டும். செடியும் சீக்கு இல்லாம இருக்கணும். அப்புறம் நானே எடுத்துட்டுப் போய்ப் பெருக்கறேன். உங்க பேரையே வெச்சிடலாம்" என்றார்.

"என் பேரா?" என்று இவர் கேட்டார். நர்சரிக்காரர் போன பிறகும் என்னிடம் இரண்டு தரம் கேட்டார். "என் பேராமே?"

காலமெல்லாம் அவர் மாட்டிய லிஃப்டில், பழுது பார்த்த லிஃப்டில், கதவுக்கு மேலே பித்தளைத் தகட்டில் கம்பெனி பேர்தான் இருந்தது. அவர் பேர் எழுதியிருந்த ஒரே பொருள் சாப்பாட்டு டப்பா. அதையும் நான்தான் ஆணியால் கீறிக் கொடுத்தேன். இப்போது கடைகளில், வீடுகளில், யார் யாரோ அவர் பேரைச் சொல்லி ஒரு செடியைக் கேட்கப் போகிறார்கள் என்றால் அவருக்கு எப்படி இருக்கும்? எனக்குப் பேரெல்லாம் பெரிதில்லை. அந்தச் செடி இருக்கும்வரை இவர் பழையபடி குழாயடியில் மரம் மாதிரி நிற்க மாட்டார். அது போதும் எனக்கு.

ஒரு நாள் காலையில் பால்கனியிலிருந்து கூப்பிட்டார். "அடுப்பை அணைச்சுட்டு வா" என்றார். போனேன். நடு இலையில், அந்தச் சிவப்புத் தெறிப்புகளுக்கு இடையில், புதிதாக ஒரு புள்ளி. பழுப்பு நிறம். அதைச் சுற்றி மெல்லியதாக ஒரு மஞ்சள் வளையம்.

"மூணாவது கலர் வருது, பாத்தியா? இந்த ஜாதியில மஞ்சள் வளையம் எங்கயுமே கிடையாது."

"மச்சக்காரிதான் போங்க உங்க ஆளு" என்றேன்.

படம் பிடித்து மகளுக்கு அனுப்பினார். அவளும் சூப்பர் என்று பதில் போட்டாள். நாலைந்து நாளில் அடுத்த இலையிலும் வளையம் வந்தது. அவர் நர்சரிக்காரருக்கு ஃபோன் போட்டு, நேரில் வந்து பார்க்கச் சொல்லிக் கூப்பிட்டார். வருகிறவருக்கு என்ன பலகாரம் வைக்கலாம் என்றுகூட நாங்கள் பேசிக்கொண்டோம். அதை இப்போது நினைத்தால் எனக்கு எரிச்சலாக வருகிறது.

நர்சரிக்காரர் சிரித்துக்கொண்டே வந்தார். இலையைத் திருப்பிப் பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது. "சார், இது கலர் இல்ல. சீக்கு" என்றார்.

இவருக்கு முதலில் புரியவில்லை. ஒரு காது அவருக்குக் கொஞ்சம் மந்தம், லிஃப்ட் மோட்டார் ஓடுகிற அறையிலேயே கிடந்ததால் வந்தது. நான்தான் கிட்டே போய்ச் சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது. "சீக்காம்ங்க."

நர்சரிக்காரர் நல்ல மனுஷன்தான், குறை சொல்ல மாட்டேன். பெரும்பாலும் இது பூஞ்சையாகத்தான் இருக்கும் என்று ஒரு பொடி கொடுத்தார். தண்ணீரில் கரைத்து, காலையும் மாலையும் இலையின் மேலும் கீழும் நனைகிற மாதிரி அடிக்கச் சொன்னார். "முதல்ல இது சரியாகட்டும் சார். மத்ததை அப்புறம் பேசிக்கலாம்" என்றார்.

இவர் அடித்தார். இலைக்கு ஒரு கையை அண்டக் கொடுத்து, பிள்ளைக்கு மருந்து புகட்டுவது போல அடித்தார். ஒரு சொட்டு வீணாகாது. ஃபோனில் செடி வளர்ப்பவர்கள் கூடிப் பேசுகிற குழு ஒன்றில் கேட்டார். வெயிலில் வை என்றான் ஒருவன். வெயிலே கூடாது என்றான் இன்னொருவன். பட்டைத் தூள் தூவு, வேப்பெண்ணெய் தடவு என்று ஆளுக்கொரு வைத்தியம். சொன்னதையெல்லாம் செய்தார். தொட்டியைத் தூக்கிக்கொண்டு வெயிலுக்கும் நிழலுக்குமாக அந்த மூட்டு வலியோடு நடந்தார். புள்ளிகள் குறையவில்லை. இலை நனைந்த இடமெல்லாம் புதுசு புதுசாக வந்தன. பழைய புள்ளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து, எண்ணெய் பட்ட காகிதம் போலாகி, நடுவில் ஓட்டை விழுந்தது. அடியிலை ஒன்று மஞ்சளாகி, அவர் தொட்டதும் கையோடு வந்துவிட்டது. அன்றைக்குத் தட்டில் போட்டதை அப்படியே வைத்துவிட்டு எழுந்துபோனார்.

மறுநாள் வேலைக்குக் கிளம்புகிறவர் மாதிரி சட்டையெல்லாம் போட்டுக்கொண்டு வந்து நின்றார். கையில் கேபிள் சீவுகிற கத்தி. புதிதாகத் தீட்டியிருந்தார்.

"என்ன பண்ணப் போறீங்க?"

"பிரிச்சு வைக்கப் போறேன். லிஃப்ட் பெட்டியைத் தாங்க ஒரு கயிறு போதும். ஆனா எவனாவது ஒரு கயித்துல தொங்க விடுவானா? அஞ்சாறு போடுவோம். ஒண்ணு அறுந்தாலும் மத்தது பிடிச்சுக்கும். நான் இத்தனை நாள் இவளை ஒத்தைக் கயித்துல தொங்கவிட்டுட்டு உக்காந்திருக்கேன்" என்றார்.

எனக்கும் சரியென்றுதான் பட்டது. எந்தக் கட்டடத்திலும் அவர் வேலை பார்த்த பெட்டி கீழே விழுந்ததில்லை. யாருக்கும் ஒரு கீறல் விழுந்ததில்லை. அந்தப் புத்தியைத்தான் செடிக்கும் போட்டார். வேறு எந்தப் புத்தி அவரிடம் இருந்தது? முதலில் நுனியை வெட்டினார். பிறகு பக்கத்தில் வந்திருந்த கன்றுகளைப் பிரித்தார். தண்டைத் துண்டு துண்டாக்கினார். ஒவ்வொரு வெட்டுக்கும் பிறகு கத்தியைப் பேன்ட்டில் ஒரு இழுப்பு இழுத்துத் துடைத்துக்கொண்டார். அது அவர் வழக்கம். அப்படித் துடைத்துத் துடைத்து அவருடைய எல்லாப் பேன்ட்டிலும் வலது தொடையில் கறை இருக்கும், துவைத்தும் போகாது. வெட்டினதெல்லாம் ஆறு தொட்டிகளாயின. ஒரே இடத்தில் வைக்கக் கூடாதென்று பால்கனியில் ஒன்று, சமையலறை ஜன்னலில் ஒன்று, படுக்கையறையில், கூடத்தில், குளியலறை மாடத்தில் என்று வைத்தார். முதலில் வெட்டின நுனியை எதிர்வீட்டு டீச்சரிடம் கொடுத்து, "கொஞ்ச நாளைக்கு உங்க வீட்டுல இருக்கட்டும்மா" என்றார். அன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டார். "இனிமே பயமில்ல" என்று என்னிடம் சொன்னார்.

முதலில் சமையலறைச் செடியில் வந்தது. பிறகு கூடத்தில். அப்புறம் ஒவ்வொரு அறையாக. நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டே ஜன்னலைப் பார்த்து, "அட பாழாப்போனதே, இங்கேயுமா" என்று சொன்னது நினைவிருக்கிறது. ஒரு தொட்டிக்கும் இன்னொரு தொட்டிக்கும் நடுவில் சுவர் இருக்கிறது, கதவு இருக்கிறது. இது எந்த வழியாக வந்தது என்று எங்களுக்குப் பிடிபடவே இல்லை.

விவசாயக் கல்லூரியில் செடிகளின் நோய் பார்க்கிற ஒரு அம்மா இருப்பதாக டீச்சர் விசாரித்துச் சொன்னாள். ஒரு தொட்டியைப் பைக்குள் வைத்து மடியில் ஏந்திக்கொண்டு பஸ்ஸில் போனோம். அந்தச் செடி டாக்டரம்மா என் மகள் வயசுதான் இருப்பாள். இலையை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். புள்ளிகளின் ஓரம் ஈரமாக, கண்ணாடி போலத் தெரிந்தது. ஓரத்தில் சின்னதாக வெட்டி, கண்ணாடித் துண்டின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீரில் போட்டு, மைக்ராஸ்கோப்பில் பார்த்தாள். எங்களையும் பார்க்கச் சொன்னாள். வெட்டின ஓரத்திலிருந்து வெள்ளையாக, புகை மாதிரி ஏதோ தண்ணீருக்குள் கசிந்துகொண்டே இருந்தது.

"பூஞ்சை இல்லைங்க. அதுவா இருந்தா புள்ளி காய்ஞ்சு, அதுக்குள்ளயே வளையம் வளையமா இருக்கும். இது பாக்டீரியா. நீங்க அடிச்ச மருந்து இதுக்குக் கேக்காது. தண்ணியில நனையறதுதான் இதுக்குக் கொண்டாட்டம். ஒரு இலையிலிருந்து இன்னொரு இலைக்கு அது வழியாத்தான் போகும்" என்றாள்.

இவர் தலையைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார். "தனித்தனியாப் பிரிச்சு வெச்சேன்மா. வேற வேற ரூம்ல. அப்படியும் எப்படி வந்துச்சு?"

"எதால வெட்டினீங்க?"

"கத்தியால."

"ஒவ்வொரு வெட்டுக்கும் நடுவுல கத்தியை ஸ்பிரிட்ல துடைச்சீங்களா? இல்ல நெருப்புல காட்டினீங்களா?"

இவர் குனிந்து தன் பேன்ட்டைப் பார்த்தார். வலது கை தொடையைத் தடவிக்கொண்டிருந்தது. டாக்டரம்மாவுக்குப் புரிந்துவிட்டது போலிருக்கிறது, மேற்கொண்டு கேட்கவில்லை. மெதுவாகத்தான் சொன்னாள். தண்டுக்குள் இறங்கிவிட்டால் குணமாக்க மருந்து இல்லை, பரவாமல் பார்த்துக்கொள்ளலாம், அவ்வளவுதான் என்றாள். புள்ளி வந்த செடிகளைப் பையில் கட்டிப் போட்டுவிடச் சொன்னாள். "ஒண்ணுகூட நல்லா இல்லையா?" என்று கேட்டாள்.

எதிர்வீட்டில் ஒன்று இருக்கிறது, முதலில் வெட்டினது, இன்னும் புள்ளி வரவில்லை என்று நான்தான் சொன்னேன்.

"முதல் வெட்டுன்னா கத்தி சுத்தமா இருந்திருக்கும். அது தப்பிச்சிருக்கலாம். இலையில தண்ணி படாம மண்ணுல மட்டும் ஊத்துங்க. புது இலை வரட்டும், பாக்கலாம்."

திரும்பி வரும்போது பஸ்ஸில் கூட்டமில்லை. அவர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். தொட்டியை அங்கேயே விட்டுவிட்டதால் காலிப் பை மடியில் கிடந்தது. அதை மடித்துக்கொண்டே, "எல்லாக் கயித்தையும் நானே அறுத்துட்டேன்டி" என்றார்.

நான் அவரைத் திட்டித் தேற்றுகிறவள். "போதும், நிறுத்துங்க. இன்னும் ஒரு கயிறு இருக்கே, அதைப் பிடிச்சுக்கிட்டு அழுங்க" என்றேன். அவர் சிரிப்பார் என்று பார்த்தேன், சிரிக்கவில்லை.

வீட்டிலிருந்த செடிகளை அவரே பையில் கட்டினார். என்னைத் தொட விடவில்லை. தொட்டிகளை பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவினார். மகள் கொடுத்த பழைய செடிகளிலும், கூட முளைத்த மற்றவற்றிலும் புள்ளி இருந்தது, அவற்றையும் கட்டினார். கீழே குப்பைத் தொட்டிவரை பல நடை இறங்கி ஏறினார். பால்கனி காலியாகி, துணி காயப்போடுகிற இடமாகிவிட்டது.

எதிர்வீட்டிலிருந்து வந்த அந்த ஒன்றைக் கூடத்தில் ஜன்னலுக்குப் பக்கத்தில் வைத்தோம். அதற்கு அப்புறம் என் பிழைப்பு அதைச் சுற்றியே ஆகிவிட்டது. விசிறிக் காற்று படுகிறதா, யாராவது ஈரக் கையோடு தொட்டார்களா என்று காவல் இருந்தேன். சக்களத்தி என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டேன், வாய் வரவில்லை. புது இலை சுருளாக எட்டிப் பார்த்ததும் மகளுக்கு நான்தான் ஃபோன் செய்தேன். "வருதுடி, சுத்தமா வருது" என்றேன். அவரிடமும் தினம் சொன்னேன். "பாருங்க, நல்லா இருக்கு. நர்சரிக்காரர்கிட்ட சொல்லிடலாமா?" அவர், "விரியட்டும்" என்பார். மண்ணுக்கு மட்டும் படும்படி ஸ்பூனால் தண்ணீர் விடுவார்.

இலை விரிந்தது. இரண்டு நாள் நன்றாக இருந்தது. மூன்றாம் நாள் கூடம் பெருக்கும்போது பார்த்தேன். அடிப்பக்கத்தில், நரம்பை ஒட்டி, ஊசி முனை அளவுக்கு ஈரமாக ஒரு புள்ளி. வெளிச்சத்தில் பார்த்தேன், கண்ணாடி போலத் தெரிந்தது. அவர் குளித்துக்கொண்டிருந்தார். நான் தொட்டியைத் திருப்பி, அந்த இலை சுவர்ப் பக்கம் போகிற மாதிரி வைத்தேன்.

அன்று முழுவதும் வளவளவென்று பேசினேன். டீச்சர் வீட்டுக் கதை, மாப்பிள்ளை வீட்டுக் கதை, எதுவும் விடவில்லை. மறுநாளும் பெருக்குகிற சாக்கில் தொட்டியைத் திருப்பி வைத்தேன். புள்ளி இப்போது ஒன்றில்லை. மஞ்சள் வளையமும் போட்டாயிற்று. இன்னும் எத்தனை நாள் திருப்பி வைக்க முடியும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

"திருப்பி வைக்காத. நான் பாத்துட்டேன்" என்று பின்னாலிருந்து சொன்னார்.

துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "எப்போ பாத்தீங்க? நேத்தா?"

"விரியறதுக்கு முன்னாடியே. சுருள்லயே இருந்துச்சு."

"அப்புறம் எதுக்கு உக்காந்து ஸ்பூன் ஸ்பூனாத் தண்ணி விட்டுக்கிட்டிருந்தீங்க?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. செடியைத்தான் பார்த்தார். "நீதான் நம்பிக்கிட்டிருந்தியே" என்றார்.

நானா? எனக்கு எதற்கு இந்தச் செடி? நான் நம்பினது யாருக்காக என்று கத்த வேண்டும் போலிருந்தது. அவரே பையைக் கொண்டுவந்தார். நான் பையின் வாயை விரித்துப் பிடித்தேன், அவர் செடியை வேரோடு எடுத்து உள்ளே வைத்து முடிச்சுப் போட்டார். கீழே கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்து, சோப்புப் போட்டுக் கையைக் கழுவினார்.

மறுநாள் காலையில் எப்போதும் எழுகிற நேரத்துக்கு எழுந்தார். செருப்பை மாட்டிக்கொண்டு பால்கனிக் கதவுவரை போனார். தாழ்ப்பாளில் கை வைத்தார். திறக்கவில்லை. திரும்பி வந்து, செருப்பைக் கழற்றிக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டு, சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

"என்னங்க" என்றேன்.

"ம்" என்றார்.

நானும் பக்கத்தில் படுத்துக்கொண்டேன்.